அகலம் பாத்து வாங்குன வண்டி

உக்காரு மாப்ள, உக்காரு. அக்கா, நீயும் உக்காரு. அந்தச் சேர் வேண்டாம், அதுக்கு ஒரு காலு நொண்டி. இப்படி சோபாவுக்கு வா. அம்மிணி, கொழந்தைய வசந்தாகிட்டக் குடுத்துட்டு நீயும் சித்தெ உக்காரு. குடு, குடு. கொழந்தையக் கண்டாப் போதும் என்ர ஊட்டுக்காரிக்கு, அடுப்புல பால் வெச்சதக்கூட மறந்துட்டு நிப்பா. எல்லாரும் ஒட்டுக்காப் பேசாதீங்க. பத்திரிகை வெச்சாச்சு, தட்டம் வாங்கியாச்சு, உங்க ஊட்டுக் கலியாணத்துக்கு முந்தின நாளே வந்து மொதப் பந்தியில உக்காந்தர்றோம்னு சொல்லியாச்சு. இனிக் கம்முனு இருங்க. மாப்ள ஒரு கேள்வி கேட்டுப்போட்டான். அதுக்குப் பதில் சொல்லோணும்.

என்ன கேட்டான்? வெளிய நிக்குதே புது வண்டி, அதைய நாலு சுத்துச் சுத்துனான். அதோட கண்ணாடியில மொகம் பாத்துக்கிட்டான். இருக்கற நாலு முடியையும் ஒதுக்கி உட்டுக்கிட்டான். அப்பறம் உள்ள வந்து, பொண்ணு கேக்க வந்தவனாட்டக் குரல எறக்கி, "மாமா, நானும் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கறேனுங்க. சொகுசு வண்டியிலயே சின்னதா எடுக்கறதுங்களா, இத்தாம் பெருசா எடுக்கறதுங்களா?"

சிரிக்காத அம்மிணி. உன்ர புருசன் நெசமாவே இப்பிடித்தான் கேட்டான். கழுத்து உள்ள போயி, கண்ணு வெளிய வந்து. பாரு, இப்பவும் அப்பிடியே இருக்கறான்.

மாப்ள, நீ காங்கேயத்துல தேங்காக் களம் வெச்சிருக்கறவன். ஒடச்சுக் காயப் போட்டுப் பருப்ப எடுத்து மூட்டை கட்டுனா உன்ர சோலி முடிஞ்சுது. உனக்கெதுக்குடா சொகுசு வண்டி, தேங்காய்க்கு ஏசி போடறதுக்கா? சரி, கோவிச்சுக்காத. கேட்டுட்ட, சொல்றேன். ஊர்ல அவனவன் வண்டிய எதப் பாத்து வாங்கறான்? ஒருத்தன் மைலேஜ் பாக்கறான். ஒருத்தன் கலரு பாக்கறான். பாதிப் பேரு பக்கத்து ஊட்டுக்காரன் வாசலப் பாக்கறான். நான் எதப் பாத்து வாங்குனேன் தெரியுமா? அகலம். ஆமா, அகலம். அகலம் பாத்து வண்டி வாங்குனவன் திருச்செங்கோட்டுலயே இந்தச் செம்மலையப்பன் ஒருத்தன்தான்.

ஏன்னு கேளு. கேக்க மாட்டியே. உனக்கு வாய் எதுக்கு இருக்குது, பலகாரத்துக்கா?

போன ஐப்பசியில ஆரமிச்ச கதை இது. நமக்கு போர் போடற ரிக்கு லாரி மூணு ஓடுது, உனக்குத் தெரியும். ரெண்டு ஒடிசாவுல, ஒண்ணு ஆந்திராவுல. மாசத்துல பாதி நாளு நான் அங்கதான். கல்லுப் புழுதியத் தின்னு, கம்ப்ரசர் சத்தத்துல காது அடச்சு, ஊட்டுக்கு வந்தா ஒரு சொகுசு வேண்டாமா? பழைய வண்டி இருமுது, மேடு ஏறச் சொன்னா என்னைய எறங்கித் தள்ளச் சொல்லுது. செரி, நல்லதா ஒண்ணு எடுத்தர்லாம்னு ஊட்டுல சொன்னேன். சொன்னதும் இவ வாயத் தொறந்தா பாரு. முப்பது வருசமா ஆமாங்க, இல்லீங்க, சோறு ஆறுதுங்க, இந்த மூணுக்கு மேல பேசாதவ. அன்னைக்கு அடுப்படி வாசப்படியில நின்னுக்கிட்டு, "சின்னதா எடுங்க. நான் ஓட்டிப் பழகிக்கறேன்."

எனக்கு ஒரு நிமிசம் யாரு பேசுனதுன்னே தெரியல. டிவி ஓடுதாக்கும்னு திரும்பிப் பாத்தேன்.

செரி, பழகட்டும், நமக்கும் பொழுது போவும்னு உட்டேன். டிரைவிங் ஸ்கூல்ல சேந்தா. காத்தால மைதானத்துல ஓட்டச் சொல்லிக் குடுப்பாங்க. நான் ஊர்ல இருந்தா உடுவனா? சேக்காளிக நாலு பேரக் கூட்டிட்டுப் போயி, ஓரமா நின்னு டீ குடிச்சுக்கிட்டே பாப்பேன். இவ ஸ்டியரிங்கப் புடிச்சிருக்கறதப் பாக்கோணுமே. இந்தா, இப்பிடி. ஆட்டு உரல்ல கை மாட்டுனவளாட்ட. மூக்கு கண்ணாடிய முட்டுது. அந்த மாஸ்டர் பாவம், நல்ல மனுசன், "அம்மா கிளச்ச உடுங்கம்மா, மெதுவா உடுங்கம்மா, அம்மா அது கம்பம்மா, அம்மா அது எருமைம்மா, அம்மா எருமைக்கு ஆரன் கேக்காதும்மா." என்ர சேக்காளிக டீயத் துப்பிட்டுச் சிரிச்சாங்க. பொழுதோட ஊட்டுக்கு வந்தா இவ முன்னால மறுக்கா அதைய நடிச்சுக் காட்டுவேன். எருமையாவும் நடிப்பேன், மாஸ்டராவும் நடிப்பேன், இவளாவும் நடிப்பேன். இவ சிரிக்க மாட்டா. சோத்தப் போட்டுட்டுப் போயிருவா.

ஆனா லைசென்ஸ் எடுத்துப்போட்டா. மொதத் தடவையிலயே. அது எப்பிடின்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியல. அந்த எருமை ஏதாச்சும் சிபாரிசு பண்ணியிருக்கோணும்.

அப்பறம் கோயமுத்தூருக்கு வண்டி பாக்கப் போனோம். கண்ணாடி மாளிகை மாப்ள அது. உள்ள போனா ஆஸ்பத்திரி வாசனை. ஒரு பையன் வந்தான், கழுத்துல பட்டை கட்டிக்கிட்டு, இடுப்புல பெல்ட்டு எறுக்கி, மூச்சு உட முடியாம. "வாங்க சார், வாங்க மேம். சார், இது வந்து சிட்டிக்கு சார். காம்பேக்ட் சார். ஆனா லக்ஸரில காம்ப்ரமைஸே கெடையாது சார். அது வந்து பெரிய சைஸ் சார். அது ஒரு ஸ்டேட்மெண்ட் சார்." ஸ்டேட்மெண்டுன்னா பேங்குக்காரன் குடுக்கறதுன்னுதான் எனக்குத் தெரியும். நான் பாட்டுக்கு வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு வண்டிக்கு அடியில பூந்து, அச்சு எப்பிடி, ஸ்பிரிங் பட்டை எப்பிடின்னு பாத்தேன். அவன் பதறிப்போயி, "சார், சார், டைல்ஸ் அழுக்கு சார், உங்க வேட்டி சார்"ங்கறான். லாரி வாங்குனாலும் பொண்ணு பாத்தாலும் அடியில பாக்காம முடிவு பண்ணக் கூடாதுடா தம்பின்னேன். அக்கா, மொறைக்காத. பொண்ணுன்னா கொலுசப் பாக்கறதுக்குச் சொன்னேன்.

மொதல்ல சின்னத ஓட்டிப் பாக்கச் சொன்னான். "மேம் ஓட்டறீங்களா?" இவ சரின்னுட்டா. நான் பின்னால உக்காந்தேன், சிரிக்கறதுக்குத் தயாரா. மாப்ள, அவிநாசி ரோட்டுல அந்தக் கூட்டத்துல, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவால, கொளத்துல வாத்து போறாப்பல போனா. திரும்புனா, நின்னா, வழி உட்டா, வழி வாங்குனா. அந்தப் பையனே வாயப் பொளந்துட்டான். "சூப்பரா ஓட்டறீங்க மேம்." இவ பல்லு தெரியச் சிரிச்சா. கலியாணப் போட்டோவுலகூட இவ பல்லு தெரியாது. வேணும்னா செவுத்துல மாட்டியிருக்குது, பாத்துக்க.

சிரிக்கட்டும், தப்பில்ல. எனக்கும் சின்னதையே எடுத்துக் குடுத்தர்லாம்னு ஒரு நெனப்பு வந்துச்சு. பொய் சொல்லல, வந்துச்சு. எறங்கி வந்ததும் அந்தப் பையன் காப்பி குடுத்தான். "மேம், எதாச்சும் டவுட் இருக்குதுங்களா?" எல்லாரும் என்ன கேப்பாங்க? லிட்டருக்கு எவ்வளவு போவும், பாட்டுப் பெட்டி எப்பிடின்னு கேப்பாங்க. இவ காப்பி டம்ளரக் கையில புடிச்சுக்கிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"இது எத்தனை அடி அகலமுங்க?"

அவ்வளவுதான் மாப்ள. எனக்குப் பொறி தட்டிருச்சு. நான் யாரு? இருவத்தஞ்சு வருசமா போர் போடறவன். போர் போடக் கூப்புட்டா நாங்க மொத என்ன பண்ணுவோம்? தண்ணி இருக்குதான்னு பாக்க மாட்டோம். அது அவன் கெரகம். தடம் பாப்போம். ஆள உட்டு, ரிக்கு உள்ள நொழையுமா, கம்பம் இருக்குதா, கம்பி தொங்குதா, சாக்கடை எங்கன்னு அளந்துட்டு வரச் சொல்லுவோம். அகலம் கேக்கறவன் மனசுல ஒரு சந்து இருக்குதுன்னு அர்த்தம். ரோட்டுல போறவன் அகலம் கேக்க மாட்டான்.

இவ மனசுல எந்தச் சந்து இருக்குது? யோசிச்சேன். யோசிக்கறதுக்கு என்ன இருக்குது.

அக்கா, மொகத்தத் திருப்பாத. ஊருக்கே தெரிஞ்ச கதைதான. எனக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு, மோகனான்னு. ஈரோட்டுல படிக்கப் போட்டேன். படிச்சுது. ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ற கடையில ஒரு பையன் இருந்தானாம், அவனக் கட்டிக்கிச்சு. நம்ம சனம் இல்ல. எந்தச் சனம்னு என்ர வாயில வராது. அன்னைக்கே நான் மோட்டாரப் போட்டுத் தலைக்கு ஊத்திக்கிட்டேன். என்ர சொந்த போர், எண்ணூறு அடி, தண்ணி அப்பிடி ஜில்லுனு வந்துச்சு. சோலி முடிஞ்சுது, பொண்ணு இல்லன்னுட்டேன். இவதான் ஊட்டுக்குப் பின்னால பொடக்காலியில உக்காந்துக்கிட்டு, ம்ம்ம், ம்ம்ம், ம்ம்ம்னு, பழைய கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆவாம இழுக்குமே, அதாட்ட. வாயத் தொறந்து அழுதாலாச்சும் செரின்னு உடலாம். மூக்குலயே அழுதா. நான் அதைய நடிச்சுக் காட்டுனா ஒடிசாவுல என்ர பசங்க உருண்டு உருண்டு சிரிப்பாங்க.

புரட்டாசியில அந்தப் புள்ளைக்குப் பையன் பொறந்துச்சாம். ஈரோட்டுல எந்தச் சந்துல குடியிருக்குதுங்கறதோட தகவல் வந்துச்சு. நான் கேக்கல, வந்துச்சு. ஐப்பசியில இவளுக்கு வண்டி ஓட்டிப் பழகோணும். கணக்குப் புரியுதா மாப்ள? எனக்கே அந்த அகலத்தக் கேட்டதுக்கு அப்பறந்தான் புரிஞ்சுது.

பஸ்ல போயிருக்கலாமேங்கறியா? எப்பிடிப் போவா? திருச்செங்கோட்டுல இருந்து ஈரோட்டுக்கு எந்த பஸ்ல ஏறுனாலும் நம்மாளு ஒருத்தன் இருப்பான். இவ டிக்கெட்டு வாங்கறதுக்குள்ள எனக்கு போன் வந்துரும். டிரைவரக் கூட்டிட்டுப் போனா அவன் என்ர சோத்தத் திங்கறவன், எங்கிட்டச் சொல்லீருவான். அதனால இவளே ஓட்டோணும். சின்ன வண்டியா இருக்கோணும். மார்க்கெட்டுக்குப் போறனுங்கன்னு கெளம்பி, சந்துக்குள்ள பூந்து, ஊட்டு வாசல்ல நிறுத்தி, ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாமப் பாத்துட்டு வந்தர்லாம். எப்பிடி மூளை பாத்தியா? இருக்குது, இல்லீங்கல. ஆனா என்ர பேரு அந்தச் சந்துக்குள்ள நொழையக் கூடாது. அதுல நான் கண்டிப்பு.

அப்பறம் நான் என்ன பண்ணுனேன், கேளு. இவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. சத்தம் போடல. கொமரேசன் தெரியுமல்ல, நமக்குத் தடம் பாக்கற பையன், மூக்குல பேசுவானே, அவனக் கூப்புட்டு, ஈரோட்டுல இன்ன எடத்துல ஒரு சந்து இருக்குது, தடம் பாத்துட்டு வாடான்னேன். டேப்பு எடுத்துட்டுப் போனான். பொழுதோட வந்து நிக்கறான். "அண்ணா, தடம் பாத்துட்டனுங்ணா. முக்குல ஒரு டீக்கடைங்ணா. உள்ள போனா இந்தப் பக்கம் கரண்டுக் கம்பம், அந்தப் பக்கம் சாக்கடைங்ணா. நடுவால ஆறரை அடி, அதுலயும் ஒரு வெரல் அகலம் கம்மிங்ணா. நம்ம ரிக்கு சத்தியமாப் போவாதுங்ணா. யாருக்குங்ணா போர்?"

"உன்ர பாட்டனுக்குடா"ன்னேன்.

போறவன் கம்முனு போயிருக்கலாமல்ல. தலையச் சொறிஞ்சுக்கிட்டு, "அண்ணா, கம்பத்துக்கு அந்தப் பக்கம் மூணாவது ஊட்டுல ஒரு புள்ள கொழந்தைய வெச்சுட்டு நின்னுச்சுங்ணா. நம்ம மோகனாப் பாப்பாவாட்டவே இருந்துச்சு"ங்கறான்.

நான் ஒண்ணும் கேக்கல. சும்மா, பேச்சுக்கு, "கொழந்தை யாராட்ட இருந்துச்சு?"ன்னேன்.

"மூக்கு உங்களாட்டங்ணா."

போடான்னுட்டேன். அன்னைக்கு அவனுக்கு டீக்காசுகூடக் குடுக்கல. தடம் பாக்கச் சொன்னா மூக்குப் பாத்துட்டு வர்றான்.

இப்ப வெவகாரத்துக்கு வா மாப்ள. சின்ன வண்டி ஆறடி அகலம். காதுக் கண்ணாடிய மடக்குனா சந்துக்குள்ள ரெண்டு பக்கமும் ஒரசாமப் போவலாம். பெருசு ஆறரையத் தாண்டுது. தாண்டறது ஒரு சாண் எல்லாம் இல்ல, கொஞ்சந்தான். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் நான் காசு குடுத்தேன். மத்ததெல்லாம், அந்தச் சீட்டு சூடாவறது, கூரையில ஓட்டை, தானா மூடிக்கற டிக்கி, அதெல்லாம் சும்மா கூட வந்துச்சு.

மறுக்கா கோயமுத்தூருக்குப் போனோம். பெருச ஓட்டிப் பாக்கறோம்னேன். இவளையே ஓட்டச் சொன்னேன். வேணும்னேதான். ஏறறதுக்கே இவளுக்குப் படி வேணும். ஏறி உக்காந்தா தலை தெரியல, வண்டி பாட்டுக்கு ஆளில்லாமப் போறாப்பல இருந்துச்சு. ரோட்டுல எறக்குனதும் ஒதுங்குனா பாரு, ஒதுங்குனா, ஒதுங்குனா, கடைசியில ஒரு எளநிக் கடைக்காரன் கும்புட்டுக்கிட்டு எந்திரிச்சு ஓடுனான். நான் பின்னால உக்காந்து உடாமக் கிண்டல் பண்ணுனேன். "மேம், அது பிளாட்பாரம் மேம். மேம், எளநி எத்தனை மேம் வேணும்." அந்த பெல்ட்டுப் பையன் சிரிக்கறதா வேண்டாமான்னு தெரியாம மொகத்த ஜன்னலுக்கு வெளிய வெச்சுக்கிட்டான். இவளுக்கு வேர்த்து ஊத்துது, ஏசி ஓடுது. ஆனா அவ உட்டுக் குடுக்கல மாப்ள. நான் போதும் எறங்குன்னேன். இல்லீங்க, இன்னொரு சுத்துன்னுட்டு, இன்னொரு சுத்தும் போனா. நான் அதுக்கும் சிரிச்சேன்.

எறங்குனதும் அந்தப் பையன் என்னையத் தனியாக் கூப்புட்டு, "சார், மேம்க்கு சின்னதுதான் புடிச்சிருக்குன்னு நெனைக்கறேன் சார்"ங்கறான். "தம்பி, மேடத்துக்கு முப்பது வருசத்துக்கு முன்னால என்னையவே புடிக்கல. கெடச்சதக் கட்டிக்கிட்டா. வண்டியும் அப்பிடித்தான். பெருசுக்குப் பில்லு போடு"ன்னேன். அவனுக்குச் சிரிப்பு வரல. அதுகளுக்கெல்லாம் நம்ம பேச்சுப் புரியாது.

தை மாசம் வண்டி வந்துச்சு. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, எல்லாம் ஆச்சு. மலையடிவாரத்துல பூசை போட்டுட்டு, "வசந்தா, மொதச் சவாரி உனக்குத்தான், எங்க போலாம் சொல்லு"ன்னேன். வண்டி மாலையச் சரி பண்ணிக்கிட்டு நின்னா. "செரி, நானே ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன், முன்னால உக்காரு"ன்னேன். உக்காந்தா. நானே ஓட்டிட்டுப் போனேன். காவேரிப் பாலம் தாண்டுனதும் பாக்கோணுமே இவள. புடவைத் தலைப்ப வெரல்ல சுத்தறா, அவுக்கறா, சுத்தறா, அவுக்கறா. நேராக் கொண்டுபோயி அந்தச் சந்து முக்குல நிறுத்துனேன்.

என்ன அக்கா, பாவமா? இரு, இனிமேத்தான் சிரிப்பே இருக்குது.

மெதுவா மூக்க உள்ள உட்டேன். உட்டதும் வண்டி அலறுச்சு பாரு. கீ கீ கீ கீன்னு. கிட்ட வராத, கிட்ட வராதன்னு அதுக்கே தெரியுது. அதுல ஒரு தெரை இருக்குதல்ல மாப்ள, நாலு பக்கமும் கேமரா, முன்னால இருக்கறதெல்லாம் படமாட்டத் தெரியும். அந்தத் தெரையில சந்து முழுக்கத் தெரிஞ்சுது. கம்பம், சாக்கடை, ஒரு நாயி, துணி காயறது. சத்தம் கேட்டு மூணாவது ஊட்டுல இருந்து அந்தப் புள்ள வெளிய வந்து நின்னுச்சு. தோள்ல கொழந்தை. தெரையில இத்தனூண்டு, என்ர கட்டைவெரல் அளவுக்குத் தெரிஞ்சுது.

இவ என்ன பண்ணுனா தெரியுமா? நேரா கண்ணாடி வழியாப் பாக்கறத உட்டுட்டு, குனிஞ்சு அந்தத் தெரையத் தொட்டா. வெரல வெச்சு, இப்பிடி, மேலயும் கீழயும். பூசையில வெளக்குப் போட்ட எண்ணெய்க் கையி. புத்தம் புதுத் தெரை, அன்னைக்குத்தான் பிளாஸ்டிக்கு உரிச்சது. இழுவுன தடம் அப்பிடியே எண்ணெயா நின்னுச்சு. "கைய எடுடி"ன்னேன். எடுக்கல. அப்பறம் கதவப் புடிச்சா. கியர்ல இருக்கறப்பக் கதவு தானாப் பூட்டிக்கும், அது பாதுகாப்புக்கு. இழுக்கறா, இழுக்கறா, தொறக்கல. மாட்டு வண்டியில வந்தவளுக்கு எப்பிடித் தெரியும்.

நான், "அடடா, போவலியே வசந்தா. வண்டி போவலியே. என்ன பண்றது"ன்னேன். ரிவர்ஸ் போட்டேன். போட்டதும் தெரையில படம் மாறிரும், பின்னால இருக்கறது வரும். சந்தும் போச்சு, புள்ளையும் போச்சு. டீக்கடையில ஒருத்தன் வாயில பன்ன வெச்சுக்கிட்டு எங்களப் பாத்துட்டு நிக்கறான், அதுதான் தெரையில. இவ அந்தப் பன்னுக்காரனப் பாத்துட்டே உக்காந்திருந்தா, திருச்செங்கோடு வர்ற வரைக்கும் அந்தத் தெரைய உட்டுக் கண்ண எடுக்கல. என்ன ஒரு சிரிப்பு எனக்கு. ஊட்டுக்கு வந்து நானே ஈரத்துணியில எண்ணெயத் தொடச்சேன்.

சிரிங்க. யாரும் சிரிக்கல. என்ன மாப்ள, நீயும் தரையப் பாக்கற?

இங்க பாருங்க. நான் ஒண்ணும் கல்லு மனசுக்காரன் இல்ல. எத்தனையோ ஊட்டுல என்ன பண்றாங்க? கால ஒடிப்பேங்கறான். அரிவாளத் தூக்கறான். நான் இவள ஒரு அடி அடிச்சதில்ல, ஒரு கெட்ட வார்த்தை பேசுனதில்ல. போவாதேன்னு இந்த வாயால ஒரு தடவை சொன்னதில்ல. கேளு, இவளையே கேளு. சாவிகூட ஒளிச்சு வெக்கல. அந்தா, காலண்டர் ஆணியில தொங்குது. எடுத்துட்டுப் போன்னாலும் தொட மாட்டா. வண்டி நொழையாது, அவ்வளவுதான். கடவுளாப் பாத்துச் செஞ்சது. நான் வெறும் வண்டி வாங்குனவன்.

வண்டி வந்ததுல இருந்து ஊடு எப்பிடி அமைதியா இருக்குது தெரியுமா? அழுகை இல்ல. மூக்குல கம்ப்ரசர் ஓடறது இல்ல. நான் ஒடிசாவுல இருந்து போன் போட்டாலும், "நல்லா இருக்கறேனுங்க, நீங்க மெதுவா வாங்க"ங்கறா. மெதுவா வாங்கங்கறா மாப்ள. முப்பது வருசத்துல இல்லாத அக்கறை. மனுசிக்கு மனசு அடங்கிருச்சு. ஒரு அடி அகலத்துல பாதி, அது அடக்கிருச்சு ஒரு பொம்பளைய. உன்ர தேங்காக் களத்துல எந்த மெசினு அப்பிடி வேலை செய்யும்?

அதனால சொல்றேன், வண்டி வாங்கறப்ப எங்க போவும்னு பாக்காத. எங்க போவாதுன்னு பாரு.

நம்பலியா? நீயும் உன்ர பொண்டாட்டியும் இப்பிடிப் பாத்தா எப்பிடி? செரி, என்னைய உடு. ஓட்டிப் பாத்தவ அங்க நிக்கறா, உன்ர கொழந்தையத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டு. வசந்தா, இங்க வா. அட, இங்க வா, வெக்கப்படாத. உன்ர நாத்தனா மகன் கேக்கறான். சின்ன வண்டி எடுக்கறதா, பெருசு எடுக்கறதா? நான் சொன்னா நடிப்புங்கறாங்க. உன்ர வாயால நீயே சொல்லு. சொல்லு.

"பெருசே எடுங்க தம்பி. சின்னதுன்னா சந்துக்குள்ள பூந்து, ஒருத்தர் கண்ணுலயும் படாமத் திரும்பி வந்திருப்பேன். இது முக்குலயேதான் நிக்கோணும். உங்க மாமன் ஒடிசாவுல இருக்கற நாள்ல எல்லாம், நான் ஓட்டிட்டுப் போயி, எறங்கி நடந்து, பேரனக் குளிக்க வெச்சுத் தூங்க வெச்சுட்டு வர்ற வரைக்கும் அங்கயேதான் நிக்குது. இப்ப அந்த ஊட்டுக்குத் தடம் கேட்டா, செம்மலையப்பன் வண்டி நிக்கற சந்துன்னுதான் சொல்றாங்க."